மலையில் புகை, அடுக்களையில் நெருப்பு

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைப் பாடமாகச் சொல்கிறார். இந்த மலையில் நெருப்பு உண்டு, ஏனென்றால் புகை எழுகிறது, அடுக்களையைப் போல. காரணம் கண்டு முடிவுக்கு வருவதைக் கற்பிக்க இதைவிடச் சுருக்கமான பாடம் தமிழில் இல்லை. படித்தவர்களின் நினைவில் பெரும்பாலும் மலையும் புகையும்தான் நிற்கும். அடுக்களை ஒரு துணை உவமை போலத் தோன்றுவதால் கண்ணில் படாமல் போய்விடும். உண்மையில் முடிவைத் தாங்கி நிற்பது அதுதான். புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்பதை மாணவி தன் வீட்டு அடுப்படியில் முன்பே கண்டிருக்கிறாள். அந்தக் காட்சி இல்லாதவளுக்கு மலையில் எழும் புகையால் ஒன்றும் தெரியவராது. ஒரு கதையைப் படிக்கிற பிள்ளை, எழுத்தாளர் சொன்னதை வைத்துச் சொல்லாததைக் கண்டுகொள்ளும்போதும் இதுவே நடக்கிறது. புகை கதையில் இருக்கிறது; அடுக்களை பிள்ளையின் வாழ்க்கையில் இருக்கிறது. ஈழத்துத் தமிழ்க் கல்வியின் கடந்த இருநூறு ஆண்டுகளை இந்த ஓர் இடத்தில் நின்று பார்த்தால், பள்ளிக்கூடம் பிள்ளைக்கு மலைகளைக் காட்டிக்கொண்டே அடுக்களையை வெளியில் விட்டு வரச் சொன்னது தெரியும். கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, குளத்தை நம்பி வாழும் அக்கராயன் போன்ற ஊர்களுக்கு இதனால் வந்த இழப்பு பெரிது. அந்த இழப்பை ஈடுசெய்யும் பொருளும் வன்னியிலேயே, வன்னியைப் பற்றி எழுதப்பட்ட யதார்த்தக் கதைகளில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்தைத் தொடருமுன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். குறிப்பை வைத்து முடிவுக்கு வருதல் என்றால் மனம்போனபடி ஊகித்தல் அல்ல. மணிமேகலையின் அதே காதை வழுக்களையும் வரிசைப்படுத்துகிறது. தூரத்தில் தெரிவது ஆவியா, பனியா, புகையா என்ற ஐயம் தீராமலே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவதை அது பிழை என்கிறது. குறிப்பை முதலில் சரியாகப் பார், பிறகு முடிவுக்குப் போ என்ற ஒழுங்கு அவ்வளவு பழையது. திருவள்ளுவர் குறிப்பறிதல் என்ற தலைப்பிலேயே இரண்டு அதிகாரங்கள் வைத்தார்: 71ஆவது அரசவைக்கு, 110ஆவது காதலுக்கு. சொல்லாமல் பொருள் உணர்த்தும் உத்திகளான உள்ளுறையையும் இறைச்சியையும் தொல்காப்பியம் தனியே எடுத்துப் பேசுகிறது. அகப்பாட்டின் மாந்தர் யாருக்கும் பெயர் கிடையாது. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்த நிலையில் பேசுகிறார் என்பதைப் பாட்டின் சொற்களைக் கொண்டே கேட்பவர் அறிய வேண்டும். ஆனால் இன்று அகப்பாட்டு நம் கைக்கு வரும்போது கூடவே ஒரு குறிப்பும் வருகிறது: தலைவி கூற்று, தோழி கூற்று, இன்ன துறை என்று. பாட்டைத் தொகுத்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் சேர்த்த குறிப்புகள் இவை என்பது ஆய்வாளர் பலர் ஒப்புக்கொள்வது. வாசகருக்கு உதவ எழுந்த அந்த வரியை வகுப்பறை விடையாக ஆக்கிக்கொண்டது. பிள்ளை பாட்டைப் படிக்குமுன் துறையை மனப்பாடம் செய்கிறது. பிறகு பாட்டில் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

யாழ்ப்பாணத்தில் அச்சும் பள்ளியும் பரவிய 19ஆம் நூற்றாண்டு இந்தப் போக்கை உறுதிப்படுத்தியது. அமெரிக்க மிஷனரிகளின் வட்டுக்கோட்டைச் செமினரி 1823 முதல் 1855 வரை நடந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதையொட்டி அவருடைய பாலபாடங்கள் வந்தன. திண்ணையில் நிகண்டை ஒப்பித்த பிள்ளையின் கைக்குப் பிரித்து அச்சிட்ட, நிறுத்தக்குறியிட்ட, தானே படித்து விளங்கக்கூடிய உரைநடையைக் கொடுத்தவர் அவர். அது சாதாரணச் சாதனை அல்ல. இன்று இந்தப் பத்தியை எவரும் தடையின்றிப் படிக்க முடிவதில்கூட அவருக்குப் பங்குண்டு. ஆனாலும் பாலபாடத்தின் நோக்கம் ஒழுக்கத்தையும் சமயத்தையும் தெளிவாகச் சொல்லிக் கொடுப்பது. அதில் பொருள் ஒளிந்திருக்கக் கூடாது. செய்யுள் பாடத்திலோ பதவுரையும் பொழிப்புரையும் ஆசிரியர் வாயிலிருந்து வந்தன; மாணவர் அவற்றைத் திருப்பிச் சொன்னார்கள். எது சொல்லப்பட்டது என்று கேட்கும் பழக்கம் வளர்ந்தது. எதை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று கேட்கும் பழக்கம் வளரவில்லை. நாவலரின் நூல்களுக்கு அது வேண்டியிருக்கவும் இல்லை. யதார்த்தக் கதை பாடமாக வந்த பிறகும் அதே முறையை அதன்மேல் ஏற்றியதில்தான் பிழை இருக்கிறது.

வன்னிக்கு இந்தக் கல்வி தாமதமாகவும் வெளியூர்ச் சரக்காகவும் வந்தது. 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கையேடு பாழடைந்த குளங்களையும் காய்ச்சலையும் குறைந்துபோன குடிகளையும் பதிவு செய்கிறது. இரணைமடுக் குளத்தின் வேலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது. நீர் வந்ததால் மட்டும் ஆட்கள் வந்துவிடவில்லை. 1940களின் நடுவில் டி.டி.ரி. தெளித்து மலேரியாவை அடக்கிய பிறகே கிளிநொச்சிப் பகுதியில் குடியேற்றம் வேகம் பிடித்தது. காணி இல்லாத யாழ்ப்பாணத்துக் கமக்காரர் வந்தார்கள். 1958, 1977, 1983 கலவரங்களின் பின் மலையகத் தமிழர் வந்தார்கள். பழைய வன்னிக் குடிகள் ஏற்கெனவே குளக்கரைகளில் இருந்தார்கள். அக்கராயன் என்ற சிற்றரசன் ஆண்ட இடம் என்று மரபுக் கதை சொல்லும் அக்கராயனும் இப்படிப் பலவகைக் குடிகள் கலந்த வட்டாரத்தின் நடுவில் இருக்கிறது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதே காலத்தில் தாய்மொழி வழிக் கற்பித்தலும் கீழ்வகுப்புகளிலிருந்து மேலே ஏறத் தொடங்கியது. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டம் ஆகும்வரை இந்த வட்டாரம் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஓரத்து மூலையாகவே கருதப்பட்டது. பாடநூல் கொழும்பில் அச்சானது, ஆசிரியர் குடாநாட்டிலிருந்து வந்து இடமாற்றத்துக்குக் காத்திருந்தார், செய்யுள் சோழநாட்டைப் பாடியது. குளத்தைப் பற்றியும் காட்டைப் பற்றியும் பிள்ளைக்குத் தெரிந்தவை வகுப்பறையில் அறிவாக எண்ணப்படவில்லை.

நிலைமையை மாற்றக்கூடிய பொருள் இலக்கியத்தின் பக்கமிருந்து வந்தது. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. மண்ணின் மனிதரை அவர்கள் பேசும் மொழியிலேயே எழுத வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1960களின் முற்பகுதியில் அதை இழிசனர் வழக்கு என்று மறுத்த பண்டிதர்களுக்கும் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலியோருக்கும் இடையில் மரபுப் போராட்டம் நடந்தது. இந்தப் போரைப் பெரும்பாலும் சாதி, வர்க்கம், மொழித்தூய்மை என்ற கோணங்களிலேயே பேசுகிறோம். கற்பித்தலின் கோணத்திலும் அது முக்கியமானது. ஒரு பாத்திரம் தன் ஊர்ப் பேச்சைப் பேசியதுமே வாசகருக்குப் பத்துக் குறிப்புகள் கிடைத்துவிடுகின்றன: எந்த ஊர், எந்த வயது, எதிரே நிற்பவர் மேலா கீழா, அன்பா பயமா. எல்லோரும் ஒரே செந்தமிழில் பேசினால் இவை அத்தனையையும் கதாசிரியரே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். பேச்சுமொழி நுழைந்தபோது, வாசகர் தாமே கண்டுகொள்வதற்கு ஓர் இடமும் கூடவே நுழைந்தது.

1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர் நூல்களுக்கு வாசகர் கூடினர். வீரகேசரிப் பிரசுரம் நாவல்களை அடுத்தடுத்து வெளியிட்டது. அவற்றுள் ஒன்று அ. பாலமனோகரனின் நிலக்கிளி, 1973. முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணிமுறிப்புதான் களம். காட்டோடு வளர்ந்த பதஞ்சலி, வேட்டையும் கமமும் தெரிந்த கதிராமன், வெளியிலிருந்து வந்த ஆசிரியர் சுந்தரலிங்கம் ஆகியோரைச் சுற்றிக் கதை நகர்கிறது. கிளிநொச்சியில் நிர்வாக அதிகாரியாக இருந்த செங்கை ஆழியான் 1977இல் காட்டாறு எழுதினார். வன்னிக் கமக்காரர் சுரண்டப்படுவதை உள்ளிருந்து கண்டவரின் எழுத்து அது. தாமரைச்செல்வி 1970களிலிருந்து இன்றுவரை பரந்தன், குமரபுரம் பக்கத்து வயல்களையும் பெண்களையும் இடப்பெயர்வையும் எழுதி வருகிறார். பச்சை வயல் கனவு கிளிநொச்சிக் குடியேற்றத்தின் கதை. இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1979இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், கதை சொல்லும் கலையே வேட்டைக்காரர் மிருகத்தின் தடத்தைப் படித்ததிலிருந்து பிறந்திருக்கலாம் என்றார். முறிந்த கொப்பு, மண்ணில் பதிந்த அடி, மரத்தில் ஒட்டிய மயிர் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, கண்ணால் காணாத ஒரு நிகழ்ச்சியைக் கோவையாகச் சொல்லும் ஆற்றல் அது. வன்னிக் காட்டு மனிதர் இந்தக் கல்வியில் தேர்ந்தவர்கள். அவர்களை வைத்து எழுதிய நாவலை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே கண்ணோடு படிக்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இது வகுப்பில் எப்படி வேலை செய்யும் என்பதற்கு, எந்த நூலிலிருந்தும் எடுக்காமல், இங்கேயே ஒரு வரி அமைத்துப் பார்க்கலாம். "இரவு முழுக்க வான் பாயிற சத்தம் கேட்டது, அப்பா விடியுமுன்னமே மண்வெட்டியோடை போயிட்டார்." கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு வான் என்றால் ஆகாயம், அல்லது வீதியில் ஓடும் வாகனம். அக்கராயன் பிள்ளைக்குக் குளம் நிறைந்து வழிகிறது என்பது உடனே தெரியும். அதோடு நிற்காது. குளம் வான் பாய்கிறதென்றால் வாடைமழைக் காலம், பெரும்பாலும் மார்கழி. அப்படியானால் வயலில் இருப்பது காலபோகப் பயிர். தண்ணீர் கூடியதால் வரம்பு உடைந்திருக்கலாம். அப்பா மண்வெட்டியோடு போனது தண்ணீர் கட்ட அல்ல, வெட்டிவிடவோ உடைப்பை அடைக்கவோதான். விடியுமுன்னம் போனார் என்பதால் இரவு அவரும் நித்திரை கொள்ளவில்லை. ஒரு வரியிலிருந்து ஐந்து முடிவுகள். எதுவும் வரியில் எழுதப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் வரியில் ஆதாரம் உண்டு. கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயர் எடுக்காத, கமத்துக்குப் போவதால் பள்ளிக்கு அடிக்கடி வராத பையன்தான் இதில் முதலில் கை உயர்த்துவான். நயம் எழுதத் தெரியாதவன் என்று ஒதுக்கப்பட்ட ஒருவன் நல்ல வாசகன் என்பது வகுப்புக்கும் அவனுக்கும் ஒருசேரத் தெரிய வரும்.

ஆனால் நமது பள்ளிகளில் கிரகித்தல் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் சோதனை. தரம் 5 புலமைப்பரிசில் தொடங்கிக் க.பொ.த. சாதாரண தரம் வரை, ஒரு பந்தி, கீழே சில வினாக்கள், புள்ளி. கடந்தகால வினாத்தாள் செய்வதையே பயிற்சி என்கிறோம். ரியூசன் வகுப்பில் விடைகளே குறிப்பாகக் கொடுக்கப்படுகின்றன. இது நம் நாட்டுக் குறை மட்டும் அல்ல. அமெரிக்காவில் டோலரஸ் டர்கின் என்ற கல்வியாளர் 4ஆம் வகுப்புகளில் அமர்ந்து வாசிப்புப் பாடவேளைகளைக் கவனித்து 1978-79இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. அவர் கவனித்த 4,469 நிமிடங்களில், விளங்கிக்கொள்வது எப்படி என்று ஆசிரியர் உண்மையிலேயே கற்பித்த நேரம் 20 நிமிடம். கேள்வி கேட்டு, விடை சரியா பிழையா என்று பார்ப்பதற்கு அதைவிட மிகக் கூடுதலான நேரம் செலவானது. பிள்ளைக்கு விளங்கியதா என்று கேட்பதும், விளங்கும் வழியைக் காட்டுவதும் ஒன்றல்ல. அந்த வழியைக் காட்ட ஆசிரியர் தாமே பிள்ளைகள் முன்னால் கதையை வாசித்து, இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, இந்தச் சொல்லைக் கண்டு இப்படி நினைத்தேன், அடுத்த வரியைப் படித்ததும் அது பிழை என்று கண்டேன் என்று தன் யோசனையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பொழிப்புரை சொல்லிப் பழகிய நாவுக்கு இது எளிதல்ல. முடிவை மறைத்துவைத்து, முடிவுக்கு வந்த பாதையைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு தடை வரும். உள்ளூர்க் கதையையே பிடித்துக்கொண்டால் பிள்ளை உள்ளூரிலேயே நின்றுவிடாதா? பரீட்சையில் வரும் பந்தி கண்டியைப் பற்றியோ கடலைப் பற்றியோ இருக்கலாம். பல்கலைக்கழகம் போனால் உலக இலக்கியம் காத்திருக்கிறது. தடை நியாயமானது. ஆனால் சான்று மறுபக்கம் சாய்கிறது. 1988இல் டோனா ரெக்ட், லோரன் லெஸ்லி இருவரும் 7ஆம், 8ஆம் வகுப்பு மாணவர் 64 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பேஸ்போல் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் பந்தியை வாசிக்கக் கொடுத்து, வாசித்ததைப் பொம்மைகளால் நடத்திக் காட்டவும் திருப்பிச் சொல்லவும் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியவராயினும் ஆட்டத்தை நன்கு அறிந்த பிள்ளைகள், வாசிப்பில் சிறந்தும் ஆட்டம் அறியாத பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். குறிப்பறியும் திறன் வெறுமனே அந்தரத்தில் நிற்கும் ஒன்றல்ல. தெரிந்த பொருளின்மேல்தான் அது முதலில் கால் ஊன்றுகிறது. அறவண அடிகளும் மலையில் தொடங்கச் சொல்லவில்லை. அடுக்களையில் உறுதியான விதியைக் கொண்டுதான் மலைக்கு ஏறச் சொன்னார். தன் ஊர்க் கதையில் எதை வைத்துச் சொல்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை, தெரியாத ஊர்க் கதையைப் படிக்கும்போது தனக்கு எது தெரியவில்லை என்பதையாவது கண்டுபிடிக்கும். அதைக் கேட்டறியும் மாணவருக்குக் கண்டியும் கடலும் தூரமில்லை.

மேலும் உள்ளூர் என்பது ஒரே அச்சில் வார்த்ததல்ல. இந்த வட்டாரத்து வகுப்பில் மூன்று வகைக் குடும்பத்துப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். கதையில் ஒரு கிழவி கொழுந்துக் கூடையை வீட்டு மூலையில் பத்திரப்படுத்தி வைத்திருந்தால், அதன் பொருளை மலையகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைதான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். வடலியும் கிடுகுவேலியும் வந்தால் யாழ்ப்பாணத்து வேர் உள்ள பிள்ளை பேசும். பாலைப்பழக் காலம் வந்தால் பழைய வன்னிக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஆனி, ஆடி என்று தெரியும். ஒரு பிள்ளையின் அடுக்களை அடுத்த பிள்ளைக்கு மலையாக இருக்கும் வகுப்பு இது. குறிப்பறிதலைப் பயில இதைவிட நல்ல இடம் கிடைக்காது. குடியேற்றத்தின் வரலாறு இந்த ஊர்களுக்கு விட்டுச்சென்ற கல்விச் செல்வமாகவே இதை எண்ண வேண்டும்.

இலக்கியத்தின் பக்கமிருந்து இன்னொரு தடை உண்டு. ஈழத்து யதார்த்தக் கதைகளில் பல செய்தியை வெளிப்படையாகச் சொல்லி முடிப்பவை; முதலாளி கெட்டவர், தொழிலாளி எழுவார் என்று கடைசிப் பந்தியில் கதாசிரியரே பேசிவிடுகிறார்; அங்கே கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். முற்போக்கு எழுத்தின் உச்சக் காலத்திலேயே மு. தளையசிங்கம் போன்றோர் அதன் எல்லைகளைச் சுட்டிக்காட்டினார்கள். இயக்கத்தின் பெயருக்காக ஒரு கதையைப் பாடமாக வைக்கக் கூடாது. கதையின் கடைசிப் பந்தியைக் கையால் மூடிக்கொண்டு படித்துப் பாருங்கள். மூடிய பந்தியில் உள்ளதை மற்றப் பந்திகளிலிருந்தே பிள்ளையால் கண்டுகொள்ள முடிந்தால் கதை நன்றாகக் கட்டப்பட்டது. அப்படியான கதையில் அந்தக் கடைசிப் பந்தியே தேவையில்லை என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். அதுவும் சிறந்த விமர்சனமே.

மூன்றாவது தடை ஆசிரியர்களுடையது. ஆளுக்கொரு முடிவு சொன்னால் புள்ளி எப்படிப் போடுவது? இதற்கும் ஒரு சிறு பந்தியை அமைத்துக்கொள்வோம். உழவு மிசின் படலையடியில் நின்ற சத்தம் கேட்டதும் தாய் கேத்திலை இறக்கி ஐந்து கோப்பைகளை எடுத்து வைத்தாள். பிறகு ஒன்றை எடுத்துத் தட்டில் கவிழ்த்துவிட்டாள். தேத்தண்ணி கொடுத்து முடிந்ததும் சுவரில் இருந்த இரண்டு படங்களையும் துடைத்தாள். ஆச்சியின் படத்தில் மாலை இருந்தது. மூத்தவனின் படத்தில் இல்லை. கிராம அலுவலர் கொடுத்த படிவம் நிரப்பப்படாமல் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியபடி கிடந்தது. மூத்தவன் எங்கே? ஒரு பிள்ளை வெளிநாடு என்று சொல்லலாம். மாலை இல்லாததால் இறக்கவில்லை என்பது அதன் ஆதாரம். கவிழ்த்த கோப்பைக்கும் அந்த விடை பொருந்தும். ஆனால் நிரப்பாத படிவத்துக்கு அதில் இடமில்லை. இன்னொரு பிள்ளை இறந்துவிட்டான் என்று சொல்லலாம். அப்போது மாலை இல்லாதது உறுத்தும். காணாமல் போனவன், தாய் அவனை இறந்தவனாக ஏற்க மறுக்கிறாள் என்ற விடை மூன்று குறிப்புகளையும் ஒருசேரத் தாங்குகிறது. விடைகள் பல வரலாம். எல்லா விடைக்கும் ஒரே எடை இல்லை. எத்தனை குறிப்புகளைத் தாங்குகிறது, எந்தக் குறிப்போடு முரண்படுகிறது என்று கேட்டால் புள்ளி போடுவதும் கடினமல்ல. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் பெயர் நீக்கிய கவிதைகளை மாணவரிடம் கொடுத்து அவர்கள் எழுதியவற்றை 1929இல் நூலாக்கியபோது, சிறந்த பல்கலைக்கழகத்து மாணவர்கூடப் பாட்டில் இல்லாததைத் தம் சொந்த நினைவிலிருந்து ஏற்றிப் படிப்பது வெளிப்பட்டது. அடுக்களை வேண்டும், ஆனால் அடுக்களையை மலையென்று நினைத்துவிடக் கூடாது.

இந்த உதாரணம் நான்காவது தடையை, எல்லாவற்றிலும் கனமான தடையைக் கொண்டுவருகிறது. இப்படி ஒரு கதையை அக்கராயனில் வாசிக்கலாமா? 1996இல் சத்ஜய இராணுவ நடவடிக்கையால் கிளிநொச்சியிலிருந்து துரத்தப்பட்டவர்கள் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் ஒதுங்கினார்கள். 2008 ஒக்டோபரில் அக்கராயனும் போர்முனையாகி மக்கள் கிழக்கே நகர்ந்தார்கள். போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் வழங்க 2010இல் தற்காலிகச் சட்டம் வந்தபோது ஏற்க மறுத்த தாய்மார் பலர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் அவர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வகுப்பில் உள்ள ஒரு பிள்ளையின் வீட்டுச் சுவரிலும் மாலையில்லாப் படம் இருக்கலாம். எனவே எந்தக் கதை, எந்த வகுப்பு, எப்போது என்பதை ஆசிரியர் ஊர் அறிந்து முடிவுசெய்ய வேண்டும். உன் வீட்டில் எப்படி என்று கேட்கவே கூடாது. ஆனால் கதையையே தவிர்ப்பது தீர்வல்ல. பாடப்புத்தகம் பேசாததால் வலி இல்லாமல் போய்விடுவதில்லை. கதைத் தாய் தன் தாயல்ல என்ற இடைவெளிதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. அந்த இடைவெளியில் நின்று, மனிதர் சொல்லாமல் செய்வதன் பொருளை நிதானமாக ஆராயப் பழகலாம். வாய் திறந்து சொல்வது ஆபத்தாக இருந்த காலங்களைக் கடந்த சமூகத்தில் பெரியவர்கள் இன்னும் குறிப்பாகவே பேசுகிறார்கள். அவர்களை விளங்கிக்கொள்ளும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு.

கதைகளுக்கு இன்னொரு கடமையும் சேர்ந்துவிட்டது. நிலக்கிளி எழுதப்பட்டுப் பதினொரு ஆண்டுகளில், 1984 கடைசியில், தண்ணிமுறிப்பு மக்கள் தம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்த ஊரில் காலை எப்படி விடிந்தது, யார் யாருக்கு முன் எழுந்து நின்றார்கள், காட்டுக்குப் போகுமுன் யாரைக் கும்பிட்டார்கள் என்பதற்கு இன்று நாவலும் ஒரு சான்று. நாவல் ஆவணம் அல்ல. கதாசிரியர் கற்பித்தது எது, கண்டது எது என்று பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கும் அதே குறிப்பறிதல்தான் வேண்டும். 1981இல் யாழ் நூலகம் எரிந்தது. வன்னியில் இடம்பெயர்வு ஒவ்வொன்றிலும் பள்ளி நூலகங்கள் கைவிடப்பட்டன. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இன்று ஈழத்து நூல்களை ஆயிரக்கணக்கில் எண்ணிம வடிவில் இலவசமாகத் தருகிறது. புத்தகம் கிடைக்கவில்லை என்ற காரணம் இனிச் செல்லாது.

வடமாகாணக் கல்வித் திணைக்களமும் வன்னி வலயங்களின் தமிழ்ப் பாட ஆசிரிய ஆலோசகர்களும் செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தம் அல்ல. வன்னியைக் களமாகக் கொண்ட பத்துச் சிறுகதைகளைத் தெரிந்து, தரம் 8, 9 மாணவருக்குத் துணைவாசிப்பாகக் கொடுங்கள். கதை முடிந்ததும் பொழிப்பும் படிப்பினையும் அச்சிடாதீர்கள். கீழே ஒரே ஒரு வினாவைப் போடுங்கள்: கதையில் சொல்லாத எதைக் கண்டுகொண்டாய், அதை எந்த வரியைக் கொண்டு சொல்கிறாய்? விடையை எழுதுவதற்குப் பிள்ளைக்கு அரைப் பக்கம் வெற்றிடம் விடுங்கள்.